நண்பர்களோடு அகத்தியர்கூடம்: மூன்று நாள் நடைக்கு முழுமையான வழிகாட்டி

மழை விட்ட மறுநாள் காலையில் மார்த்தாண்டம் பக்கம் ஏதாவது மொட்டைமாடியில் ஏறி வடக்கே பார்த்தால் மலைத்தொடர் நீலமாக நிற்கும். அதில்தான் அகத்தியர்கூடம், 1868 மீட்டர், அடிக்கணக்கில் 6100-க்குக் கொஞ்சம் மேல். நெல்லைக்காரர்களுக்கு அது பொதிகை, திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு அகஸ்தியார்கூடம், எல்லையில் இருக்கிற எங்களுக்கு இரண்டும். ஒரு காலத்தில் பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்தே பக்தர்கள் ஏறினார்கள். இப்போது அந்தப் பாதை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் மூடிக் கிடக்கிறது, அதனால் அம்பாசமுத்திரத்துக்காரரும் மலையைச் சுற்றிக்கொண்டு கேரளா வந்துதான் ஏற வேண்டியிருக்கிறது.

நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒன்றும் தெரியாமல் போனேன், இரண்டாவது முறை எல்லாம் தெரியும் என்று போய் மாட்டிக்கொண்டேன், மூன்றாவது முறைதான் ஒழுங்காக நடந்தது. அந்த மூன்றிலிருந்தும் எடுத்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மலையில் ஆட்களை வீழ்த்துவது உச்சி கிடையாது, மூன்றாம் நாள் இறக்கம். கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அந்த இறக்கத்துக்கான ஏற்பாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் சேர்ப்பது

ஆறேழு பேர் போதும். பத்துக்கு மேல் போனால் அது கல்யாண வீட்டுக் கூட்டம், ஒருவர் தண்ணீர் குடிக்க நின்றால் எல்லாரும் நிற்பார்கள். வருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "மக்கா, மூணு நாள் போன் இல்லாம, நாப்பது பேரு குறட்டை விடுற கொட்டகையில படுப்பியா?" யோசித்துச் சொல்கிறேன் என்பவரை விட்டுவிடலாம்.

2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும்வரை பெண்களுக்கு இந்த மலையில் அனுமதி இல்லை. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பாதுகாப்புத்துறை அதிகாரி ஏறினார், அந்த அனுமதிக்குப் பிறகு ஏறிய முதல் பெண் அவர்தான். எங்கள் கூட்டத்தில் இரண்டு பெண்கள் உண்டு. ஒருவர் பள்ளிக்கூட டீச்சர், எங்களில் யாரையும்விட நன்றாக இறங்குவார். பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் வயது வரம்பு உண்டு, அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிக்கெட்

வனத்துறை பாதை திறப்பது வருஷத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி கடைசிவரை, சில வருஷம் மார்ச் தொடக்கம்வரை. தேதி பெரும்பாலும் ஜனவரி முதல் பாதியில் வரும், திருவனந்தபுரம் வனவிலங்குப் பிரிவு அறிவிக்கும், முன்பதிவு இணையத்தில். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு இருக்கிறது, சனி ஞாயிறு சேர்ந்த நாட்கள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதனால் செவ்வாய் புதனுக்குப் போடுங்கள், லீவு போடுகிற வயிற்றெரிச்சலைப் பொறுத்துக்கொண்டு. எல்லாருடைய பெயர், வயது, அடையாள அட்டை எண், படம் எல்லாவற்றையும் ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பதிவு திறக்கிற நேரத்தில் குழுவில் "லே உன் ஆதார் நம்பர் என்னலே" என்று கேட்டுக்கொண்டிருந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். இணையம் கைகொடுக்காதவர்கள் களியக்காவிளை தாண்டி ஏதாவது ஒரு அட்சய மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) உட்கார்ந்து போடலாம்.

கட்டணம் வருஷாவருஷம் ஏறுகிறது, ஆளுக்கு இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. சாப்பாடு அதற்கு மேல் தனி. உடல்தகுதிக்கு மருத்துவர் சான்றிதழ் கேட்கிறார்கள், அதைப் புறப்படுகிற கடைசி வாரத்தில் வாங்குங்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி வாங்குங்கள், சும்மா ஒரு சீல் வாங்கிக்கொண்டு வராதீர்கள். இரவு தங்குகிற அதிருமலை முகாமில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டிய தூரம் 14 கிலோமீட்டருக்குக் குறையாது, வண்டி வராது.

கால்களுக்கு ஆறு வாரம்

வாக்கிங் போனால் போதும் என்று நினைக்காதீர்கள். சமதரையில் பத்து கிலோமீட்டர் நடக்கிறவர் இங்கே ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். இறங்குகிற தசைக்கு இறங்கித்தான் பழக்கம் கொடுக்க முடியும். எங்கள் பக்கத்தில் சிதறால் மலையில் தொடங்கலாம், அப்புறம் கன்னியாகுமரி போகிற வழியில் இருக்கிற மருந்துவாழ்மலை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஏறி இறங்கி, மறுபடி ஒருமுறை ஏறி இறங்கினால் நல்லது. நாலாவது வாரத்திலிருந்து ஆறு கிலோ பையோடு. மலை இல்லாத ஊரில் இருப்பவர்கள் லிஃப்டில் ஏறி மாடிப்படியில் நடந்து இறங்குங்கள். எதிர்வீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

பையும் ஷூவும்

ஆளுக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு கிலோ. இரண்டு செட் உடை, ஒன்று நடக்க, ஒன்று படுக்க. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ஒரு கனமான போர்வை அல்லது தூங்கும் பை, தலைக்கு மப்ளர், டார்ச், விசில், மழைக்கோட்டு, கால் முட்டிக்கு வலி களிம்பு, நீங்கள் தினம் போடுகிற மாத்திரைகள், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு. காது அடைக்கப் பஞ்சு. ஏன் என்று இரவில் தெரியும்.

தின்பதற்கு அவலும் கருப்பட்டியும் பிசைந்து ஒரு டப்பா, கடலை மிட்டாய், நேந்திரங்காய் சிப்ஸ், ஆரஞ்சு. எல்லாம் டப்பாவிலோ துணிப்பையிலோ இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கவர், மது, பீடி சிகரெட், பூஜைச் சாமான் எதுவும் உள்ளே விடமாட்டார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள். எங்களோடு வந்த ஒருவர் கற்பூரத்தை காலுறைக்குள் வைத்திருந்தார், பிடித்துவிட்டார்கள். பிப்ரவரியில், வழியில் வருகிற அட்டையாறு முகாமுக்கு மேலே உள்ள புல்வெளி எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று பார்த்தால் இந்தக் கெடுபிடி ஏன் என்று புரியும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இப்படிப்பட்ட காய்ந்த புல் சரிவில்தான்.

சரி, ஷூ. என் இரண்டாவது பயணத்தில் மாட்டிக்கொண்ட கதை இதுதான். கூட்டத்தில் ஒருவன் நாலு வருஷத்துக்கு முன் வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த மலையேற்ற ஷூவைப் போட்டு வந்தான். பார்க்கப் புதுசு. அட்டையாற்றில் கல்லில் கால் வைத்து எடுத்தான், கால் வந்தது, அடிப்பாகம் தண்ணீரில் நின்றது. பத்து நிமிஷத்தில் அடுத்ததும் வாயைப் பிளந்தது. இந்த மாதிரி ஷூக்களின் நடு அடுக்கு பெரும்பாலும் பாலியூரிதேன், ஈரக்காற்று பட்டுப் பட்டு போடாமலே நைந்துவிடும், கடலோரக் காற்றில் இன்னும் சீக்கிரம். எங்களோடு வழிகாட்டியாக வந்த காணி அண்ணன் (காணிகள் இந்த மலையின் பழங்குடிகள்) ஒன்றும் பேசாமல் இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, பாதத்துக்குக் குறுக்கே எட்டு போல இரண்டு சுற்று, கணுக்காலில் ஒரு முடிச்சு என்று கட்டிவிட்டார். அவர் காலில் ரப்பர் செருப்பு. அதிருமலைவரை கயிறு தாங்கியது. மறுநாள் அவனை உச்சிக்கு விடவில்லை, நாங்கள் திரும்பும்வரை அடுக்களையில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தான்.

எனவே புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்னால் ஷூவை எடுத்து நுனியையும் குதிகாலையும் பிடித்து நன்றாக வளையுங்கள். வெடிப்பு தெரிந்தால் வேறு வாங்குங்கள். புது ஷூ என்றால் குறைந்தது 40 கிலோமீட்டர் நடந்து பழக்கிவிட்டு வாருங்கள். அரை அளவு பெரிதாக இருக்கட்டும், இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கும். கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், வெட்டாமல் வந்தவர்களின் கட்டைவிரல் நகம் கறுத்து மாசம் ஆகும் விழ.

போணக்காடு போய்ச் சேர்வது

நடை தொடங்குவது போணக்காட்டில். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழி. மொத்தம் 60 கிலோமீட்டர் சுமார், அரசுப் பேருந்து உண்டு, எண்ணிக்கை குறைவு. குமரிப் பக்கமிருந்து வருபவர்கள் காட்டாக்கடை, ஆரியநாடு வழியாக விதுராவைப் பிடிக்கலாம். தென்காசிக்காரர்களுக்கு செங்கோட்டை, ஆரியங்காவு, குளத்துப்புழை, பாலோடு. காலையில் சரிபார்ப்பு என்பதால் முந்தைய இரவு விதுராவில் தங்குவதுதான் நிம்மதி.

விதுராவிலிருந்து மேலே ஏறும் சாலையில் மூடிக்கிடக்கிற தேயிலைத் தோட்டம் வரும். கண்ணாடி உடைந்த தொழிற்சாலை, ஆள் உயரத்துக்கு மேல் மரமாகிப்போன தேயிலை, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான அந்த லயங்களில் இன்னும் சில குடும்பங்கள். பேய் பங்களா என்று வீடியோ எடுக்க வருகிறவர்கள் அதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். லயத்து வாசலில் நின்று வழி கேட்டுப் பாருங்கள், பதில் தமிழில் வரும்.

முதல் நாள்: முகாம் முகாமாக

போணக்காட்டில் வனத்துறையின் பிக்கெட் ஸ்டேஷனில் அடையாள அட்டை, சான்றிதழ், பை எல்லாம் பார்த்து, வழிகாட்டியோடு கூட்டம் கூட்டமாக அனுப்புவார்கள். அங்கேயே கேன்டீனில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு மதியத்துக்குப் பொதிச்சோறு வாங்கிக்கொள்ளுங்கள். பொதிகைக்குப் பொதிச்சோறு. இந்தக் கடியை நாங்கள் மூன்று வருஷமும் சொன்னோம், மூன்று வருஷமும் யாரும் சிரிக்கவில்லை.

பாதை லாத்திமொட்டை, கரமனையாறு, வாழைப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஒவ்வொரு முகாமாகத் தொட்டுக்கொண்டு போகும். முகாம் என்றால் காவலுக்கு நிற்கிறவர்களின் சின்னக் குடில், உட்கார்ந்து மூச்சுவிட ஒரு இடம், பக்கத்தில் ஓடை. இந்தப் பகுதி முழுக்க நிழல், ஏற்றமும் பெரிதில்லை, அதனாலேயே எல்லாரும் இங்கே வேகத்தைக் காட்டி மதியத்துக்குள் எண்ணெய் தீர்ந்துபோய் நிற்பார்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால் நீங்கள் உட்கார்ந்து இளைப்பாறி முடிக்கும்போதுதான் அவர் வந்து சேர்வார், உடனே "போலாமா" என்பீர்கள், அவருக்கு ஓய்வே கிடையாது. கடைசியில் வலுவான ஒருவர், விசிலோடு. இந்த ஒரு ஏற்பாட்டைச் செய்த மூன்றாவது வருஷம்தான் எங்களுக்குள் சண்டை வராத வருஷம்.

அட்டையாறு பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. மழை இல்லாத வருஷம் அட்டை குறைவு, முந்தின நாள் தூறியிருந்தால் நின்ற இடத்தில் ஏறும். ரப்பர் வெட்டப் போகிறவர்கள் செய்வதுபோல உப்பைத் துணியில் கிழி கட்டி ஈரமாக்கி, கம்பு நுனியில் முடிந்துகொள்ளுங்கள், தொட்டால் விழுந்துவிடும். பிடித்து இழுக்காதீர்கள், கடிவாய் புண்ணாகும்.

அட்டையாற்றில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு பொதியைப் பிரித்துச் சாப்பிட்டு அரைமணி நேரம் படுங்கள். ஏனென்றால் அடுத்தது நிழலே இல்லாத புல்வெளி. அப்புறம் ஏழுமடக்கன்தேரி, பெயருக்கேற்றபடி மடங்கி மடங்கி ஏறும். ஒரு மடிப்பு முடிந்தது என்று நிமிர்ந்தால் அடுத்த மடிப்பு நிற்கும், எண்ணாதீர்கள். அதற்கும் மேல் முட்டிடிச்சான்தேரி. ஏறும்போது முன்னால் வைக்கிற காலின் முட்டி நெஞ்சில் இடிக்கும், அதுதான் பெயர்க்காரணம். வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. குட்டி அடி, இருபது அடிக்கு ஒரு நிறுத்தம், வாயை மூடி மூக்கால் மூச்சு. பேச முடியாத வேகத்தில் ஏறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்திருக்கும்போது நினைத்துக்கொள்ள ஒரு விஷயம். 1987-இல் இதே மலைகளில் தாவர ஆராய்ச்சிக் குழு ஒன்று, புஷ்பாங்கதன் தலைமையில், நடந்தது. ஆராய்ச்சியாளர்கள் களைத்துப்போனார்கள், கூட வந்த காணிகள் ஏதோ ஒரு சின்னப் பழத்தை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். கேட்டுக் கேட்டுத்தான் அந்தச் செடியைக் காட்டினார்களாம். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து செய்து, 1995-இல் தயாரிக்கும் உரிமையைக் கொடுத்து, வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு வைத்தார்கள். பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த ஆரம்பகால உதாரணமாக உலகம் முழுக்கப் பேசப்பட்டது. செடியைக் காட்டச் சொல்லி வழிகாட்டியை நச்சரிக்காதீர்கள், சரணாலயத்தில் ஒரு இலையைப் பறிப்பதும் குற்றம். உங்களுக்குக் கருப்பட்டி இருக்கிறது.

அதிருமலை இரவு

மாலை நாலைந்து மணிக்கு அதிருமலை வந்துவிடும். யானை வராமல் சுற்றிலும் அகழி, நடுவில் வனத்துறைக் கொட்டகைகள், பெண்களுக்குத் தனி இடம், படுக்கப் பாய் கிடைக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள், எனவே பையை வைத்த கையோடு ஓடைக்குப் போய்க் குளித்துவிடுங்கள். தண்ணீர் எலும்பைத் தொடும், ஆனால் அந்தக் குளியலுக்குப் பிறகு கால்வலி பாதி. இரவு கஞ்சியும் பயறும். அந்தக் கஞ்சியை வீட்டில் யாராவது கொடுத்தால் முகம் சுளிப்போம், அங்கே மூன்று தடவை வாங்கிக் குடித்தேன்.

படுக்கும் இடத்தைக் கதவிலிருந்து தள்ளிப் பிடியுங்கள், இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் வெளியே போவார்கள். தின்பண்ட டப்பாவை மூடித் தொங்கவிடுங்கள், எலி உண்டு. காற்று தகரத்தைப் பிடித்து உலுக்குகிற சத்தமும் குறட்டையும் சேர்ந்தால், பஞ்சு எதற்கு என்று சொன்னேனே, அது. இருட்டிய பிறகு அகழி தாண்டாதீர்கள்.

இரண்டாம் நாள்: உச்சி

பெரிய பையைக் கொட்டகையில் விட்டுவிட்டு தண்ணீர், மழைக்கோட்டு, கொஞ்சம் தின்பண்டம் மட்டும். ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் முதல் நாளின் பதினாலுக்குச் சமம். நெருங்கி வளர்ந்த சிறுமூங்கில் காட்டுக்குள் பாதை, அப்புறம் பொங்கலப்பாறை, பெரிய பாறைச் சரிவில் தண்ணீர் ஓடும். அதற்கு மேல் காற்றில் குட்டையாகிப்போன மரங்கள், பிறகு கயிறு கட்டிய பாறைகள்.

கயிற்றில் பயப்பட ஒன்றுமில்லை, ஒழுங்காகச் செய்தால். ஒரு நேரத்தில் ஒருவர். உடம்பைப் பாறையோடு ஒட்டிக்கொண்டால் கால் வழுக்கும், கொஞ்சம் பின்னால் சாய்ந்து பாதம் முழுவதையும் பாறையில் பதியுங்கள். கயிறு கைக்கு, எடை காலுக்கு. இறங்கும்போதும் முகம் பாறையைப் பார்க்கட்டும். மழையோ பெருங்காற்றோ வந்து வழிகாட்டி திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டியதுதான், பேரம் பேசக்கூடாது. ஈரப்பாறையில் எந்த ஷூவும் பிடிக்காது.

உச்சியில் அகத்தியர் சிலை, சின்னதுதான். வானம் தெளிந்திருந்தால் தமிழ்நாட்டுப் பக்கம் ஐந்தலைப் பொதிகை, காரையாறு அணை, இந்தப் பக்கம் பேப்பாறையும் நெய்யாறும். தாமிரபரணி இந்த மலைக்கு அந்தப் பக்கம் பிறந்து நம் வயலுக்கு வருகிறது, கரமனையாறும் நெய்யாறும் இந்தப் பக்கம். காணிகளுக்கு இது தெய்வம் இருக்கிற இடம், சிலைமேல் சாய்ந்து படம் எடுக்காதீர்கள். இதே உச்சியில் 1850-களில் ஜான் ஆலன் ப்ரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வு மைய இயக்குநர், காந்த ஊசியின் அசைவை அளக்க ஒரு ஆய்வுக்கூடமே கட்டினார். கருவிகளையும் மரத்தையும் ஆட்கள் எப்படித் தூக்கி ஏற்றினார்கள் என்று அந்தக் கயிற்றுப் பாறையைப் பார்க்கும்போது நினைத்துப் பாருங்கள், ஆறு கிலோ பைக்கு முனகியது வெட்கமாகிவிடும்.

மதியத்துக்குள் அதிருமலை திரும்பிவிடலாம். சிலர் அன்றே போணக்காடு இறங்கத் துடிப்பார்கள். வேண்டாம். களைத்த காலோடு முட்டிடிச்சான்தேரியில் இறங்குவதில்தான் கணுக்கால் பிசகும்.

மூன்றாம் நாள்: இறக்கம்

ஷூ கயிற்றை மாற்றிக் கட்டுங்கள்: விரல் பக்கம் தளர்வு, கணுக்கால் பக்கம் இறுக்கம், அப்போதுதான் பாதம் முன்னால் சறுக்காது. கம்பு ஒன்று கட்டாயம், அதை முதலில் கீழே ஊன்றி, அப்புறம் கால். முட்டியை நேராக விறைத்து வைக்காமல் லேசாக மடக்கியே வையுங்கள், செங்குத்தான இடத்தில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள். மண்சரிவில் ஓடுகிறவரைக் கடைசி ஆளுக்கு முன்னால் போட்டுக் கட்டுப்படுத்துங்கள். கூட்டம் சிதறுவது இன்றைக்குத்தான், எல்லாருக்கும் வீட்டு ஞாபகம் வந்துவிடும். அப்படிச் சிதறிய இடத்தில் யானை குறுக்கே நின்றால், வழிகாட்டி முன்னால், நீங்கள் அரைக் கிலோமீட்டர் பின்னால், அவ்வளவு தனியாக நிற்பீர்கள். முகாம்தோறும் தலை எண்ணிவிட்டு நகருங்கள்.

போணக்காட்டில் ஷூவையும் காலுறையையும் கழற்றி உதறுங்கள், இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள். அட்டை கடித்தது ரத்தம் காட்டிவிடும், உண்ணி கடித்தது தெரியாது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மலையேறிய அலுப்பு என்று கஷாயம் குடித்துக்கொண்டு படுக்காமல் டாக்டரிடம் போங்கள், போய் "காட்டுக்குள்ள மூணு நாள் இருந்துட்டு வந்தேன், ஓடைத் தண்ணியில குளிச்சேன்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலும் எலிக் காய்ச்சலும் எங்கள் பக்கம் புதிதில்லை, ஆனால் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்.